கல் ஏற்ற ஒரு பழைய டிரெய்லர்

மாதவரத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டித் தொழில் நடத்தி வரும் என் தங்கை கணவர், துறைமுகத்துக்குக் கிரானைட் கல் கொண்டுவரும் வேலை ஒன்றை ஒப்புக்கொண்டார். அதற்கென ஒரு பழைய வண்டி வாங்க வேண்டும் என்று அவர் புறப்பட்டபோது என்னையும் உடன் அழைத்துக்கொண்டார். நான் ஓட்டுநருமல்லன், மெக்கானிக்குமல்லன். லாரி புக்கிங் அலுவலகத்தில் நெடுங்காலம் கணக்கு எழுதியவன். எந்த வண்டி முதலாளிக்குச் சோறு போட்டது, எந்த வண்டி அவரை வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கச் செய்தது என்பதைப் பேரேட்டின் பக்கங்களில் பார்த்துப் பழகியதால், வண்டிகளைப் பற்றி எனக்கென்று சில கருத்துகள் உண்டு. இந்தத் தேடலில் அவற்றுள் சில உறுதிப்பட்டன, சில திருத்தம் பெற்றன. பழைய டிரெய்லர் தேடும் பிறருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்தில், ஓங்கோலுக்கு மேற்கே சீமகுர்த்தியில் கிடைக்கும் கேலக்ஸி கறுப்புக் கல்லுக்கு வெளிநாடுகளில் நல்ல கிராக்கி. அங்கிருந்து கல் ஏற்றிக்கொண்டு ஓங்கோல், நெல்லூர், சூலூர்பேட்டை, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி வழியாக 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இறங்கி, நல்லூர் சுங்கச்சாவடியைக் கடந்து சென்னைக்குள் வர வேண்டும். ஒரு வழிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கடலோரச் சமவெளி என்பதால் மலைப்பாதை எதுவும் இல்லை, சாலையும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் குவாரிக்குள் இரண்டு, மூன்று கிலோமீட்டர் உடைகல் பரப்பிய மண்பாதையில், முழுச் சுமையுடன் பள்ளத்திலிருந்து மேலேறி வர வேண்டும். டீசலில் பெரும்பகுதி அந்த 300 கிலோமீட்டரில் எரிகிறது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸும், பின் அச்சின் கூடான ஹவுசிங்கும் தேய்வதோ பெரும்பாலும் இந்த மூன்று கிலோமீட்டரில்தான். இரண்டுக்கும் ஒரே வண்டி என்னும்போது எதை எதற்கு விட்டுக்கொடுப்பது என்பதே தேர்வின் முழுச் சிக்கல்.

பெரும்பாலோர் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி வண்டி, எந்த வருட மாடல் என்பதைத்தான். நான் முதலில் கேட்கச் சொல்வது, எத்தனை அச்சு இழுக்கிறது என்பதை. கன்டெய்னர் வேலையில் டிரெய்லரை இழுக்கும் முன்வண்டிகளில் பெரும்பாலானவை ஆறு சக்கர வண்டிகள். பின்னால் உள்ள ஒரே அச்சுதான் அவற்றில் இழுவை அச்சு. அதைவிடப் பெரியவை பத்துச் சக்கர வண்டிகள். பின்னால் இரண்டு அச்சுகள், இரண்டும் இழுக்கும். நெடுஞ்சாலையில் மட்டும் ஓடுவதென்றால் ஆறு சக்கர வண்டியே சிக்கனம். டயர் குறைவு, சொந்த எடை குறைவு, பராமரிப்பும் குறைவு. குவாரிக்கு அது போதுமா என்பதை ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபின், முன் அச்சுக்கு 7 டன், இரட்டைச் சக்கர ஒற்றை அச்சுக்கு 11.5 டன், ஜோடி அச்சுக்கு 21 டன், டிரெய்லரின் மூன்றச்சுத் தொகுதிக்கு 27 டன் என்று ஆயிற்று. அதன்படி ஆறு சக்கர முன்வண்டியும் மூன்றச்சு டிரெய்லரும் சேர்ந்தால் 45.5 டன், பத்துச் சக்கர முன்வண்டியுடன் அதே டிரெய்லர் என்றால் 55 டன். இனி, பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், தளர்ந்த உடைகல்லின் மேல் இவை ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஏற்றத்துக்கான இழுவை மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு. சக்கரம் மண்ணில் புதைந்து உருள்வதற்கு நூற்றுக்கு மூன்று பங்கு சேர்த்துக்கொள்ளலாம். அப்படியானால் 45.5 டன் வண்டிக்கு ஏறத்தாழ 5.9 டன் இழுவை தேவை. தளர்ந்த கல்லில் சக்கரம் வழுக்காமல் பிடிக்கும் ஆற்றல், அதன்மேல் அழுத்தும் எடையில் பத்தில் நான்கு பங்கு என்று கொண்டால், 11.5 டன் சுமக்கும் ஒற்றை அச்சுக்குக் கிடைப்பது 4.6 டன்தான். இன்ஜினில் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் பயனில்லை, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். 55 டன் வண்டிக்குத் தேவை 7.2 டன் அளவு. இரண்டு இழுவை அச்சுகளின் 21 டன்னுக்குக் கிடைப்பது 8.4 டன். சிரமப்பட்டாலும் ஏறிவிடும். மழை பெய்து கல்லுடன் சேறும் கலந்துவிட்டால் இந்தக் கணக்கும் சுருங்கிவிடும். அதனால்தான் பத்துச் சக்கர வண்டியிலும், இருபுறச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் டிஃப் லாக் வேலை செய்கிறதா என்று பார்ப்பது இன்றியமையாதது. குவாரியில் டோசரை வைத்து இழுத்துவிடுவார்கள் என்று ஒரு புரோக்கர் எங்களுக்கு ஆறுதல் சொன்னார். ஒவ்வொரு நடைக்கும் டோசர்காரரின் தயவில் நிற்கும் தொழிலை யாரும் விரும்பிச் செய்யமாட்டார்கள்.

டிஃப் லாக்கைச் சோதிக்க வண்டியை மண்தரைக்குக் கொண்டுபோக வேண்டும். சுவிட்சைப் போட்டதும் டாஷ்போர்டில் விளக்கு எரிவது மட்டும் சான்றாகாது. மெதுவாக நகர்த்தி ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வண்டி திரும்ப மறுத்து முன்னோக்கியே தள்ளினால் லாக் உண்மையில் விழுந்திருக்கிறது என்று பொருள். தார்ச்சாலையில் இந்தச் சோதனை கூடாது. நெடுஞ்சாலையில் மட்டும் ஓடிய வண்டிகளில், ஆண்டுக்கணக்கில் தொடப்படாமல் லாக்கின் காற்றுக்குழாயும் ஃபோர்க்கும் துருப்பிடித்து இறுகிப்போயிருப்பதை அதிகம் காணலாம். இது சரிசெய்யக்கூடிய குறைதான் என்றாலும் விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கிரௌன் ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஹவுசிங்குக்குள் வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்ற விகிதம். பழைய வண்டி வாங்குவோரில் மிகச் சிலரே இதைக் கேட்கிறார்கள். டீசல் கணக்கை வேறு எதையும்விட இதுதான் தீர்மானிக்கிறது என்பதால் நான் இதில் சற்று நேரம் செலவிடுவேன். 10.00 ஆர் 20 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.2 மீட்டர் நகரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 310 சுற்று சுற்ற வேண்டும். டாப் கியர், இன்ஜின் சுற்றை மாற்றாமல் கடத்தும் நேரடி கியராக இருந்து, கிரௌன் ரேஷியோ 6 என்றால் இன்ஜின் அப்போது 1,870 சுற்றுகளுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். ரேஷியோ 4.3 என்றால் அதே வேகத்துக்கு 1,340 சுற்றுகள் போதும். இன்றைய கனரக டீசல் இன்ஜின்கள் முழு முறுக்குவிசையைத் தருவது பெரும்பாலும் 1,200 முதல் 1,600 சுற்றுகளுக்குள்தான். ஆகவே, டிப்பராகவோ சுரங்க வேலைக்காகவோ அதிக ரேஷியோவுடன் வந்த வண்டி, குவாரி ஏற்றத்தில் ராஜாவாக ஏறினாலும், நெல்லூர் சாலையில் நாள் முழுவதும் கத்திக்கொண்டே டீசலைக் குடிக்கும். லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கொடுக்க வேண்டிய வண்டி இரண்டரை கொடுத்தால், போக வர 600 கிலோமீட்டருக்கு 40 லிட்டர் கூடுதலாகப் போகும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும் நிலையில் ஒரு நடைக்கு 3,600 ரூபாய்க்குக் குறையாத இழப்பு. மாதக் கடைசியில் இந்தத் தொகைதான் வண்டிக் கடன் தவணையான டியூவை இடிக்கும்.

குறைந்த ரேஷியோ வண்டி குவாரிக்கு அறவே ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. கியர் பாக்ஸில் கிராலர் கியர் இருந்தால் அந்த இரண்டு, மூன்று கிலோமீட்டரை அதில் ஊர்ந்தே கடந்துவிடலாம். ஒன்பது கியர் பாக்ஸ் வண்டிகளை நான் விரும்புவது இதனால்தான். கீழ்வரிசையில் ஏற்றம் ஏறுவதற்கு ஒரு கியரும், மேல்வரிசையில் விரைவதற்குத் தகுந்த ஒரு கியரும் அதில் கிடைக்கின்றன. சக்கர ஹப்புக்குள்ளேயே பல்சக்கரம் வைத்து வேகத்தை இன்னொரு முறை குறைக்கும் ஹப் ரிடக்‌ஷன் அச்சுகளும் சந்தையில் வருகின்றன. கிரௌனுக்கும் ஆக்ஸில் ஷாஃப்டுக்கும் பளு குறையும், ஹவுசிங் சிறிதாக இருப்பதால் அடியில் கல் இடிக்காது. சுரங்கத்துக்கு அது உயர்ந்த ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு ஹப்பிலும் தனித்தனியே பல்சக்கரம், பேரிங், ஆயில் என்று இருப்பதால் நெடுந்தூர ஓட்டத்தில் சூடும் உராய்வும் கூடும், பழுதானால் செலவும் கூடும். எங்கள் பயணத்தில் நூற்றுக்கு ஒரு பங்குதான் குவாரி என்பதால் அதை வேண்டாம் என்று ஒதுக்கினோம். நாள் முழுவதும் குவாரிக்குள்ளேயே நடை அடிப்பவருக்கு என் ஆலோசனை நேரெதிராக இருக்கும்.

வண்டியின் மாடல் எண்ணிலேயே பாதி விவரம் இருக்கிறது என்பது தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். டாடாவில் 4018 என்றால் சுமையுடன் மொத்த எடை 40 டன், 180 குதிரைத்திறன். 4923 என்றால் 49 டன், 230. 5530 என்றால் 55 டன், 300. லேலண்டிலும் பெரும்பாலும் இதே முறைதான். 49 டன் என்பது பழைய வரம்பு, 55 டன் என்பது 2018க்குப் பிந்தைய வரம்பு. வண்டியின் இரும்பு ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும் சாலையில் செல்லுபடியாவது பதிவுச் சான்றான ஆர்.சி.யில் பதிந்த எடைதான். 49 டன் பதிவுள்ள வண்டி சுமையுடன் 55 டன் எடை காட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் இப்போதைய தண்டனைப்படி 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் சேர்ந்து 32,000 ஆகும். கூடுதல் சுமையை இறக்கவும் வேண்டும். பத்து டன் எடையுள்ள ஒற்றைக் கல்லை நெடுஞ்சாலை ஓரத்தில் எதை வைத்து இறக்குவது?

கல்லின் எடை பற்றியும் ஒரு சொல். கன்டெய்னரில் சுமை நாற்பதடிக்கும் பரவியிருக்கும். கிரானைட் அப்படியில்லை. மூன்று மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 1.6 மீட்டர் உயரமுள்ள கறுப்புக் கல் ஒன்று, கன மீட்டருக்கு 2.9 டன் என்று கொண்டால் 25 டன் வரும். அந்த 25 டன்னும் பத்தடி நீளத்துக்குள் குவிந்து நிற்கும். ஆகவே கன்டெய்னர் மட்டும் சுமக்கச் செய்த எலும்புக்கூடு போன்ற டிரெய்லர் இதற்கு உதவாது. அடியில் கனமான உத்திரமும், நெருக்கமான குறுக்குச் சட்டங்களும் உள்ள பிளாட்பெட் டிரெய்லரே வேண்டும். டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு என்பதையும், அதன் தகுதிச் சான்றான எஃப்.சி.யும் வரியும் முன்வண்டியுடன் சேர்ந்தே நடப்பில் இருந்தாக வேண்டும் என்பதையும் வாங்கும் உற்சாகத்தில் மறந்துவிடக்கூடாது.

புகை மாசு வரம்பைக் குறிக்கும் பி.எஸ். எண்ணைப் பற்றி மாப்பிள்ளைக்கும் எனக்கும் நீண்ட வாக்குவாதம் நடந்தது. 2017 ஏப்ரலுக்கு முன் விற்ற கனரக வண்டிகளில் பெரும்பாலானவை பி.எஸ். 3. அதன்பின் 2020 மார்ச் வரை பி.எஸ். 4, 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6. “மச்சான், பி.எஸ். 3 எடுத்துவிட்டால் ரோட்டோரத்தில் ஸ்பேனரை வைத்தே வேலை முடிந்துவிடும்” என்பது அவருடைய வாதம். அது உண்மைதான். ஆனால் பல அச்சு வண்டிகளுக்கு நேஷனல் பெர்மிட் 15 வயது வரைதான் என்பதையும், எட்டு வயதுக்குப் பின் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மாநிலம் தாண்டி ஓடும் எங்கள் வேலைக்கு மிகப் பழைய வண்டி கட்டுப்படியாகாது. கடன் அடைபடும் முன்பே பெர்மிட் முடிந்துவிட்டால், மிச்சக் காலத்துக்கு அந்த வண்டியை உள்ளூர் நடைக்குத்தான் விட வேண்டும்.

பி.எஸ். 6 வண்டியில் சிக்கல் வேறு வகையானது. புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. புகை போதிய சூட்டில் வெளியேறினால்தான் அந்தக் கரி தானாக எரிந்து தீரும். நெடுஞ்சாலையில் ஓடும்போது அது இயல்பாக நடக்கும். துறைமுக வாசலிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நிற்கும்போதும், குவாரியில் அடிக்கடி நின்று நகரும்போதும் சூடு ஏறாது, கரி அடைக்கும். அப்போது வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை உயர் சுற்றில் வைத்து, வடிகட்டியைச் சுத்தம் செய்யும் சுழற்சியை முடிக்க வேண்டும். அவசரத்தில் ஓட்டுநர்கள் அந்தச் சுழற்சியைப் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். பழைய பி.எஸ். 6 வண்டியைப் பார்க்கப் போனால் ஸ்கேனர் கொண்டுபோய், அந்தச் சுழற்சி எத்தனை முறை தடைப்பட்டிருக்கிறது, கரி அளவு என்ன என்று படித்துவிட்டுப் பேசுவது நல்லது. வடிகட்டியின் விலையைக் கேட்டவர் அந்தச் சிரமத்தைப் பெரிதாக எண்ணமாட்டார்.

பி.எஸ். 4இல் இரு வகை உண்டு. புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் ஊற்றும் வகை ஒன்று. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் வகை மற்றொன்று. லேலண்டின் பி.எஸ். 4 வண்டிகள் பெரும்பாலும் இரண்டாம் வகை. யூரியா வகை வண்டியில் செலவை மிச்சம்பிடிக்க, யூரியா இல்லாமலே ஓடும்படி கம்ப்யூட்டரை ஏமாற்றும் சிறு பெட்டி ஒன்றைச் சிலர் பொருத்திவிடுகிறார்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறமிருக்க, பம்பும் இன்ஜெக்டரும் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து, யூரியா உப்பாக உறைந்து அடைத்திருக்கும். யூரியா டேங்க் மூடியைத் திறந்து உள்ளே தூசி படிந்திருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. இப்படி எல்லாவற்றையும் எடைபோட்டபின், பி.எஸ். 4இல், இன்னும் ஆறேழு ஆண்டு நேஷனல் பெர்மிட் மிச்சமுள்ள பத்துச் சக்கர முன்வண்டி என்று எல்லையை வகுத்துக்கொண்டோம்.

மாதவரம் டிரக் டெர்மினலைச் சுற்றியும், மஞ்சம்பாக்கம் பக்கமும், செங்குன்றம் ஜி.என்.டி. சாலையிலும், மணலி புதுநகர் வரையிலும் விற்பனைக்கு நிற்கும் வண்டிகளுக்குக் குறைவில்லை. டியூ கட்டாததால் பிடித்துவந்த வண்டிகள் ஒருபுறம், ஏலத்தில் எடுத்துப் பெயின்ட் அடித்து நிறுத்தியவை ஒருபுறம், ஓட்டிக்கொண்டே விற்கப் பார்ப்பவை ஒருபுறம். என்னைக் கேட்டால் கடைசி வகைதான் உகந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி தன் நோயை மறைத்துக்கொள்ளாது. யார்டில் பல மாதம் நின்ற வண்டியில் பேட்டரி, ரப்பர் சீல், பிரேக் சேம்பர் டயாஃப்ரம் எல்லாமே கேள்விக்குரியவை. அதிலும் இங்கே கடற்காற்று வேறு. எண்ணூர் கடற்கரையை ஒட்டி நிறுத்திய வண்டியின் வயரிங் கனெக்டர்களைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்திருக்கும்.

கிலோமீட்டர் மீட்டரை நான் பொருட்படுத்துவதில்லை. அதைத் திருப்புவது எளிது. வண்டி என்ன வேலை செய்தது என்பதைக் கண்டுபிடிப்பதே முக்கியம். பழைய ஃபாஸ்டேக் கணக்கு எந்தச் சுங்கச்சாவடிகளில் எத்தனை முறை வண்டி கடந்தது என்பதைச் சொல்லிவிடும். முன்னாள் உரிமையாளர் அதைக் காட்ட மறுத்தால் வண்டியின் உடலே சாட்சி. சாம்பல் ஏற்றிய வண்டியில் சேசிஸ் இடுக்குகளில் சிமென்ட் போல இறுகிய படிவு இருக்கும். உரமோ உப்போ ஏற்றியதில் துரு செதில்செதிலாக உரியும். நிலக்கரி ஏற்றியதில் எங்கே துடைத்தாலும் கறுப்பு வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி, எண்ணூர்ப் பகுதிகளில் நின்ற நீரில் மூழ்கிய வண்டிகளும் சந்தைக்கு வந்தன. அந்த வெள்ளத்தில் எண்ணெயும் கலந்து எண்ணூர் கழிமுகம் வரை பரவியது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். ஃபியூஸ் பாக்ஸின் அடியில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, சீட்டுக்கு அடியில் உள்ள இரும்பில் எண்ணெய்க் கறை கலந்த கறுப்புக் கோடு, ஹவுசிங் ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருத்தல் ஆகியவற்றைக் கண்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

எங்களுடன் வந்த மெக்கானிக்கை வட்டாரத்தில் எல்லோரும் பாய் என்றே அழைப்பார்கள். மற்றவர்கள் இன்ஜின் மூடியைத் திறக்கும்போது அவர் வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். இன்ஜின் கெட்டால் வேலை பார்த்துக்கொள்ளலாம், சேசிஸ் கெட்டால் வண்டியே இல்லை என்பது அவர் கணக்கு. புதுப் பெயின்ட் அடித்த சேசிஸைக் கண்டால் அவருக்கு முதலில் சந்தேகம்தான் வரும். டிரெய்லரை மாட்டும் ஃபிஃப்த் வீல் பொருத்திய இடத்தின் இருபுறமும், குறுக்குச் சட்டம் சேரும் மூலைகளிலும், பின் ஸ்பிரிங் பிராக்கெட்டுகளின் போல்ட் துளைகளைச் சுற்றியும் கம்பி பிரஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவி, சற்று நேரம் விட்டுத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூள் பூசினார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் ஊறி வந்து அந்தத் தூளில் ஈரக்கோடாகத் தெரியும். வெளித்தோற்றத்தில் மிக அழகாக இருந்த ஒரு வண்டியில் இப்படி ஒரு விரல் நீளக் கோடு தெரிந்தது; உரிமையாளரே வியந்துபோனார். ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் போல்ட் இருந்தாலும், சேசிஸின் மேல் பட்டையிலோ கீழ்ப் பட்டையிலோ வெல்டிங் தழும்பு இருந்தாலும், உள்ளே கூடுதல் தகடு வைத்துத் தைத்திருந்தாலும் அது அளவுக்கு மீறிச் சுமந்த வண்டி. அதைக் குவாரிக்குள் கொண்டுபோகக்கூடாது என்று அவர் உறுதியாகச் சொன்னார்.

ஃபிஃப்த் வீலில் கிரீஸை வழித்தெடுத்துவிட்டுத் தாடையைப் பார்க்க வேண்டும். அந்தத் தாடைக்குள் மாட்டும் டிரெய்லரின் கிங் பின் புதிதில் 50.8 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. 49க்குக் கீழே தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். வெர்னியர் காலிப்பர் ஒன்று போதும், இதை நாமே அளந்துவிடலாம். டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் டக், டக் என்று இடித்துக் கேட்பதும் அதே செய்தியைத்தான் சொல்கிறது. குண்டும் குழியுமான பாதையில் 25 டன் கல்லை இழுத்துச் செல்பவருக்கு இது உயிர் காக்கும் சோதனை.

இன்ஜினைப் பொறுத்தவரை, நாம் போகும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லித் திரும்புவதில் கூச்சம் வேண்டாம். குளிரில் உடனே பற்றுகிறதா, முதல் புகை என்ன நிறம், ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து கசியும் காற்று, அதாவது பேக் கம்ப்ரஷன், எவ்வளவு அடிக்கிறது, ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்ற நான்கையும் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது; ரிங், லைனர் வேலை காத்திருக்கிறது. ஹவுசிங்கின் வடிகால் போல்ட்டைக் கழற்றி அதன் காந்தத்தில் மாவு போன்ற கரும்பசை இருந்தால் இயல்பு. விரலில் உறுத்தும் துணுக்குகள் இருந்தால் கிரௌன் பற்கள் உதிர்கின்றன. காற்று முழு அழுத்தத்துக்கு ஏறியபின் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பிரேக் பெடலை மிதித்துப் பிடித்து முள்ளைப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.

சோதனை ஓட்டத்தைச் சுமையில்லாமல் செய்வதில் பொருளே இல்லை. சுமையேற்றிய டிரெய்லர் ஒன்றை மாட்டித் தரும்படி கேட்டால் பாதிப் பேர் மறுத்துவிடுவார்கள். ஒத்துக்கொண்டவரின் வண்டியை வெளிவட்டச் சாலையில் மீஞ்சூர் பக்கமாகக் கொண்டுபோய், 60இல் டாப் கியரில் வைத்து இன்ஜின் சுற்றைப் பார்த்தோம். முள் 1,500க்குச் சற்றுக் கீழே நின்றது. ரேஷியோ எங்களுக்கு ஏற்றது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தபோது ஹவுசிங் ஊளையிடவுமில்லை.

டயர் விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால், முன்வண்டிக்குப் பத்து, டிரெய்லருக்குப் பன்னிரண்டு என்று 22 டயர்கள். புதிது ஒன்று 20,000 ரூபாயைத் தாண்டும் என்பதால் நாலரை லட்சம் ரூபாய் அங்கே உருண்டுகொண்டிருக்கிறது. பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் எனப்படும் ரப்பர் வரிப்பள்ளத்தின் ஆழத்தைவிடப் பக்கச் சுவரில் கல் கிழித்த காயத்தையும், இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே கல் சிக்கிய தழும்பையும்தான் எங்கள் வேலைக்குப் பார்க்க வேண்டும்.

காகிதங்களில் என் பங்கு அதிகம். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணைச் சட்டத்தில் குத்திய எண்ணுடன் பென்சில் தேய்த்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அரசின் பரிவாகன் இணையதளத்தில் எஃப்.சி., வரி, இன்ஷூரன்ஸ், பெர்மிட் தேதிகளையும், தமிழ்நாட்டில் மட்டுமன்றி ஆந்திராவிலும் நிலுவையில் உள்ள இ-சலான்களையும் பார்த்தேன். வேறு மாநிலம் ஓடிய வண்டிக்கு அங்கேதான் நிலுவை குவிந்திருக்கும். கடன் முடிந்துவிட்டது என்று வாயால் சொல்வதை ஏற்காமல், கடன் கொடுத்தவரின் கையெழுத்துடன் 35ஆம் படிவமும், பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களும், வேறு ஆர்.டி.ஓ. எல்லை என்றால் 28ஆம் படிவமும் கைக்கு வந்த பின்பே மீதிப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன். புரோக்கருக்கு அது பிடிக்கவில்லை. “சார், இத்தனை வருடம் இந்த லைனில் இருக்கிறேன், என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டார். நம்பிக்கை இருப்பதால்தான் முன்பணம் தருகிறோம் என்று சொல்லி முடித்தேன்.

விலை பேசும்போது மாப்பிள்ளை சந்தை விலையைப் பற்றிப் பேசவேயில்லை. டிஃப் லாக் ஃபோர்க், டிரெய்லரின் கிங் பின், பின் ஜோடியில் நான்கு டயர், கிளட்ச் பிளேட் என்று பாய் எழுதிக்கொடுத்த பட்டியலை எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் புதுப்பேட்டையிலும் கம்பெனி பாகக் கடையிலும் கேட்ட விலையைப் பக்கத்தில் குறித்திருந்தார். பேரம் அந்தத் தாளின் மேலேயே நடந்தது, கிளட்ச் தவிர மற்றவை கழிந்தன. வாங்கிய வண்டி 49 டன் பதிவுள்ள பி.எஸ். 4, ஒன்பது கியர், நெடுஞ்சாலையில் இரும்புச் சுருள் ஏற்றி ஓடியது. சேசிஸில் வெல்டிங் இல்லை. இப்போது பாயின் ஷெட்டில் ஹப் பன்னிரண்டையும் பிரித்து கிரீஸ் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆயில் பானுக்கு அடியில் கல் தடுக்கும் தகடு ஒன்றும், டிரெய்லர் தளத்தில் கல் நகராமல் இருக்கக் கூடுதல் கட்டைகளும் பொருத்த வேண்டியிருக்கிறது. முதல் சில நடைகளுக்கு 30 டன்னுக்குமேல் ஏற்றுவதில்லை என்றும், ஸ்பிரிங் யூ-போல்ட்டுகளை ஒவ்வொரு நடை முடிந்ததும் முறுக்கிப் பார்ப்பது என்றும் ஓட்டுநரிடம் சொல்லியாகிவிட்டது.